கீழே வைத்த கத்தி

போன வாரம் என் மருமகள் எனக்கு ஒரு டிராயர் ஒதுக்கினாள்.

ஒரே ஒரு டிராயர்! பழங்காநத்தத்தில் நாங்கள் எல்லாரும் குடிபோக மகன் பார்த்திருக்கும் வீடு சின்னது. இரண்டு அறை, ஒரு கூடம். "மாமா, உங்க கத்தியெல்லாம் இதுக்குள்ள அடங்கணும். அடங்காததை யாருக்காச்சும் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டாள். கண்டிப்பான பெண். ஆனால் நியாயமானவள்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கத்திப் பைத்தியம் தெரியும். வாளோ அரிவாளோ இல்லை — சட்டைப்பையில் அடங்குகிற பேனாக்கத்திகள். மடக்கினால் விரல் நீளம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது எதற்கு? ஷெபீல்டு எஃகு, ஜெர்மன் எஃகு, சிப்பிப் பிடி, தந்தப் பிடி... குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பதற்கென்று கொக்கி வைத்தது ஒன்று. எனக்குக் குதிரை கிடையாது.

எல்லாவற்றையும் பாயில் பரப்பினேன். நாற்பத்தேழு!

என் மனைவி காமாட்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "இம்புட்டுக் கத்தியும் வச்சு யாரைக் குத்தப் போறீக?"

"எதை விடுறது, எதை வைக்கிறதுன்னு தெரியலையே..."

"அதுல என்ன கஷ்டம்? எதை எடுத்துப் புழங்குறீகளோ, அதை மட்டும் இந்தப் பக்கம் வைங்க. மத்ததெல்லாம் அந்தப் பக்கம்."

நான் கையை நீட்டினேன். யோசிக்காமலே ஒன்றை எடுத்து இந்தப் பக்கம் வைத்தேன். கறுப்புக் கொம்புப் பிடி. ஒரு ஆணி போன இடத்தில் பித்தளைக் கம்பி முறுக்கியிருக்கும். பிடியில் பெருவிரல் உட்காருகிற அளவுக்கு ஒரு தேய்மானம்.

அடுத்தது? கை பாய்க்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதானா!" காமாட்சிக்குச் சிரிப்பு. "எனக்குத்தான் தெரியுமே. பென்சிலுக்கும் அதுதான், மாம்பழத்துக்கும் அதுதான், தபாலைக் கிழிக்கவும் அதுதான். ஆமா... அது எங்க வாங்குனது? மத்த ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணி நேரம் கதை சொல்லுவீக. இதுக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே?"

புது மண்டபத்துக் கடையில் வாங்கியது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவள் பாயிலிருந்து இன்னொன்றை எடுத்துவிட்டாள். "இதென்ன, அதே மாதிரி இன்னொண்ணு? புதுசா இருக்கு. திறந்ததே இல்லையா?"

இரண்டு கறுப்புக் கத்திகளையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இத்தனை வருடத்தில் அந்த இரண்டும் ஒன்றாக இருந்ததே இல்லை. நான்தான் வேறு வேறு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். ஏன் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை.

நான் சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

மாசி வீதியில் ரெங்கசாமி அண்ணனின் ஜவுளிக்கடை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்காருகிற இடம் அதுதான். வெள்ளை விரிப்பு, ஒரு திண்டு, நாலு மணிக்கு ஒரு காப்பி. அண்ணனும் அவருடைய தம்பி சுந்தரமும் சேர்ந்து நடத்திய கடை. சௌராஷ்டிரக் குடும்பம். அவர்கள் அப்பா தறி நெய்து, பிறகு தலைச்சுமையாகத் துணி விற்று, கடைசியில் வைத்த கடை. அந்த அப்பாவின் கத்திதான் கறுப்புக் கத்தி. பித்தளைக் கம்பி அவர் முறுக்கியது. தேய்மானம் அவருடைய பெருவிரல். அவர் போன பிறகு கத்தி கல்லாப்பெட்டி மேல் இருக்கும். அண்ணனுக்கும் அது வேண்டும், தம்பிக்கும் அது வேண்டும். பங்கு போட முடியாத சாமான் அது ஒன்றுதான்.

எனக்கும் அதன் மேல் ஒரு கண்.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் சண்டை வரும், கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும் — நம் ஊரில் இது எல்லார் வீட்டிலும் உண்டு. அவர்கள் அப்பா இதில் ரொம்பக் கண்டிப்பு. அண்ணனும் அப்படித்தான்.

அன்றைக்குக் கடையில் முகூர்த்தக் கூட்டம். சுந்தரம் ஒரு மூட்டையைப் பிரிக்கக் கத்தி கேட்டார். அண்ணனுக்கு இருந்த அவசரத்தில் எடுத்துக் கையிலேயே கொடுத்துவிட்டார். சுந்தரம் கயிற்றை அறுத்தார். கத்தியை விரிப்பில் வைத்தார். என் முழங்காலுக்குப் பக்கத்தில்.

நான் எடுத்தேன். பெருவிரலை அந்தத் தேய்மானத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கென்றே செய்தது போல உட்கார்ந்தது. வீட்டில் வைத்து ஒரு ராத்திரி பார்த்துவிட்டு நாளைக்குக் கொண்டுவந்துவிடலாம்... திருடுகிறோம் என்று யார்தான் நினைத்துக்கொண்டு திருடுகிறார்கள்? கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு, "வாரேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் கொண்டுதான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். நம்பினாலும் பிரயோஜனம் இல்லை.

கடையில் அண்ணனும் தம்பியும் அவர்கள் வீட்டுப் பாஷையில் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எதைப் பற்றிய சண்டை என்பது என் உள்பையில் இருந்தது.

என்னைப் பார்த்ததும் அண்ணன் தமிழுக்கு மாறினார். "வாங்க வாத்தியாரே! நீங்களே சொல்லுங்க. நேத்து நான் கத்திய இந்தக் கள்ளன் கையில குடுத்தேனா, இல்லையா? நீங்க பக்கத்துலதான இருந்தீக?"

"குடுத்தீங்க" என்றேன்.

சுந்தரம் என்னைப் பார்த்தார். "நான் அறுத்துட்டுக் கீழ வச்சதப் பாக்கலையா சார்?"

அப்போது உள்பைக்குள் கையை விட்டிருக்கலாம். அசடு வழிந்திருப்பேன். ஒரு வாரம் கேலி செய்திருப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் "கள்ளன்" என்ற சொல் ஏற்கெனவே கடைக்குள் வந்துவிட்டிருந்தது. கடைச் சிப்பந்திகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வாத்தியார். பி.ஏ. படித்தவன்.

"நான் கவனிக்கலையே, சுந்தரம்" என்றேன்.

முதலில் சொன்னது முழு உண்மை. இரண்டாவது முழுப் பொய். உண்மை முன்னால் போய் வழி செய்து கொடுக்க, பொய் பின்னால் சௌகரியமாக நடந்து வந்தது.

அவர்களுக்குள் உரசல் முன்பே உண்டு. ஒரு கத்தியால் மட்டும் குடும்பம் பிரியுமா? இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு இருபத்திரண்டு வருடம் தூங்கியிருக்கிறேன். ஆனால் உரசல் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது. "அப்பா சாமானைத் திருடுனவன்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் விழுவதில்லை. வருடம் திரும்புவதற்குள் சுந்தரம் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போய்த் தனியாகக் கடை போட்டார். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. தன் மகன் கல்யாணத்துக்கு அண்ணனை அழைக்கவில்லை.

அவர் பிரிந்து போன முதல் வருடம் தீபாவளிக்கு வாடிப்பட்டியிலிருந்து ஒரு ஆள் சின்னப் பொட்டலம் கொண்டுவந்தான். அன்றைக்கும் நான் விரிப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். பிரித்தால் ஒரு புதுக் கத்தி. கறுப்புப் பிடி. எத்தனை கடை ஏறி இறங்கினாரோ, பழைய கத்திக்கு அம்புட்டு ஜாடை! கூட ஒரு துண்டுச் சீட்டு: "அண்ணனுக்கு."

"திருடுனத வச்சுக்கிட்டு வேற வாங்கி அனுப்புறானா?" என்றார் அண்ணன். சீட்டைப் பொட்டலத்துக்குள்ளேயே திணித்தார். "வாத்தியாரே, உங்களுக்குத்தான் கத்தின்னா உசுரு. கொண்டு போங்க. என் கண்ணுல படக் கூடாது."

விரிப்பில் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை — அதில் மட்டும் இனி அவர் தவறமாட்டார்.

நான் எடுத்தேன். கீழே வைத்த கத்தியை எடுப்பதில் எனக்குத்தான் பழக்கம் உண்டே.

அதற்கப்புறம் வருடத்துக்கு நாலு தடவையாவது அண்ணன் சொல்வார். "அப்பா சொன்னத மீறி அன்னைக்குக் கையில குடுத்தேன் பாருங்க. அதான் வாத்தியாரே வினை." இந்தப் பத்தியில் பூனை குறுக்கே போவதை, பல்லி சொல்வதை எல்லாம் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்! ஆனால் அந்தக் கடையில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே, "ஆமாண்ணே... இருக்கும்" என்று தலையாட்டினேன். அந்த ஒரு மூடநம்பிக்கை எனக்கு வேண்டியிருந்தது.

இவ்வளவையும் கேட்ட காமாட்சி இரண்டு கத்திகளையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"சுந்தரத்தோட பொஞ்சாதி ஒரு நாள் கோயில்ல எதுக்க வந்துச்சு. 'நல்லா இருக்கீகளா அக்கா'ன்னு சிரிச்சுச்சு. கள்ளன் பொண்டாட்டின்னு நெனச்சு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேனே... வீட்டுக்கு வந்து உங்ககிட்டயும் சொன்னேனே. அப்பக்கூட நீங்க வாயத் திறக்கலையே?"

திறக்கவில்லை. அன்றைக்கு அவள் அதைச் சொன்னபோது அந்தக் கத்தியால் மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் இரண்டு கத்திகளையும் எடுத்துக்கொண்டு மாசி வீதிக்குப் போனேன். அண்ணனுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. துணியை விரலால் தடவித்தான் ரகம் சொல்கிறார். "யாரு, வாத்தியாரா? என்ன, காலையிலயே?" என்றார்.

கறுப்புக் கத்தியை விரிப்பில் அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் தடவி எடுத்தார். பித்தளைக் கம்பியில் விரல் நின்றது. பெருவிரல் தேய்மானத்துக்குள் போனது.

"இப்ப ரொம்பத் தேஞ்சிருக்கே" என்றார். பாதித் தேய்மானம் என் விரல் என்பதை எப்படிச் சொல்வேன்? சொன்னேன். எல்லாம் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தியைத் திரும்ப விரிப்பில், எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"இருவத்திரண்டு வருஷம்... இதே இடத்துல உக்காந்து எம்புட்டுக் காப்பி குடிச்சிருப்பீக?"

"அண்ணே..."

"அண்ணேங்காதீக. அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவனை நான் தொரத்திட்டேன்."

விரிப்பைத் தடவிக்கொண்டே, "அவன் வாங்கி அனுப்புனது?" என்று கேட்டார். அதையும் பழையதின் பக்கத்தில் வைத்தேன். அவர் அதை விரித்துப் பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அது திறந்தது. அவருடைய உதடு கோணியது. மடக்கி வைத்துவிட்டார்.

"நீங்க இறங்குங்க. இனிமே இங்க வராதீக."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாத்தியாரே! உங்க பேப்பரு வாடிப்பட்டிக்குப் போகுதா?"

"போகுது."

"அப்ப எழுதுங்க. பேரைப் போட்டே எழுதுங்க. நான் ஆள் அனுப்புனா அவன் நம்ப மாட்டான். நேர்ல போக எனக்கு மூஞ்சி இல்ல. அச்சுல வந்தா, ஊரே படிச்ச பெறகு, நம்புவான். இது ரெண்டும் இங்கயே கிடக்கட்டும். நான் தொட மாட்டேன். அவன் வந்து எடுக்கட்டும்."

யுத்தம் முடிந்தும் காகிதம் கிடைக்கவில்லை, பத்தியைச் சுருக்குங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வாரம் சுருக்க முடியாது ஐயா. மன்னிக்கவும்.

மிச்சம் நாற்பத்தைந்து கத்திகளையும் இரண்டே நாளில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டேன். ஒன்றைக் கொடுக்கும்போதுகூட மனசு இழுக்கவில்லை. டிராயரில் இப்போது துண்டுச் சீட்டு ஒன்றுதான் இருக்கிறது. "அண்ணனுக்கு" என்று எழுதியது. அன்றைக்குப் பொட்டலத்தோடு சேர்ந்து என்னிடம் வந்துவிட்டது. அதை அண்ணனிடம் கொடுக்க மறந்துபோனேன். இல்லை, மறக்கவில்லை. கொடுக்கத் தைரியம் வரவில்லை. நாளைக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

பென்சிலைக் காமாட்சியின் அரிவாள்மணையில் சீவுகிறேன். அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சுந்தரம், உங்களை எப்போதும் "வாப்பா, போப்பா" என்றே பேசியவன் நான். அந்த உரிமை இப்போது எனக்கு இல்லை. நீங்கள் கத்தியைக் கீழே வைத்ததை நான் பார்த்தேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். என்னை மன்னிக்க வேண்டாம். நான் இருக்கிற திசைக்கே வர வேண்டாம்.

மாசி வீதிக்கு மட்டும் வாருங்கள். கத்தி கீழேதான் இருக்கிறது. கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது.