ஒரு மணி அடித்தால்

அரையிறுதி நடந்த அன்று பெங்களூரு உள்ளரங்கத்தில் எங்கள் பள்ளிக்காக இருந்தவர்கள்: நான், என்னோடு வந்த நான்கு பையன்கள், கராத்தே மாஸ்டர், பி.டி. மிஸ். வராதவர்கள்: வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவல் வேலை பார்க்கும் அப்பா, சண்டை எதையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட அம்மா, இறுதிப்போட்டி என்றால் வருகிறேன் என்ற பிரின்சிபால். எங்கள் மணியும் வரவில்லை. கேஜிஎஃப் தங்கச் சுரங்க ஊரின் மைசூர் மைன்ஸ் பகுதியில் நாங்கள் பயிற்சி செய்யும் பழைய கிளப் கட்டடத்தின் உத்தரத்திலேயே அது தொங்கிக்கொண்டிருந்தது.

மணி என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது இரண்டடி நீளத் தண்டவாளத் துண்டு. கயிற்றில் தொங்கும். அடிக்க ஓர் இரும்புக் கம்பி. மாஸ்டரின் அப்பா, சுரங்கம் மூடும்வரை, கீழே இறங்கும் குழியான ஷாஃப்டின் வாயில் கேஜுக்கு மணி அடித்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் அந்தக் கூண்டை ஓட்டுகிறவர் தள்ளி எஞ்சின் அறையில் இருப்பார். அவருக்கு மணிதான் பேச்சு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது என்று பொருள். இரண்டு அடித்தால் இறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று அடித்தால் நிறுத்த வேண்டும். மாஸ்டர் அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார். மூன்று அடித்தால் வரிசையில் நின்று வணக்கம். இரண்டுக்கு ஃபைட் தொடங்கும். ஒன்றுக்கு நிற்க வேண்டும். கைகள் தொங்க வேண்டும். முகம் மணி இருக்கும் பக்கம் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு ஒரு விரல் அசைந்தாலும் ஐம்பது தண்டால்.

"ஒரு மணி அடிச்சா ஆறாயிரம் அடி ஆழத்துல கேஜே நின்னுடும். நீ இன்னா கேஜை விடப் பெரிய ஆளா?" என்பார்.

ஆறு வருடம், வாரத்துக்கு நான்கு மாலை. தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வரும் தூசியால் எங்கள் வெள்ளை உடைகள் எப்போதும் பழுப்பாகவே இருக்கும். பள்ளியிலும் கண்ணாடியோ நல்ல விரிப்போ கிடையாது. ஆனால் மாவட்டப் போட்டிகளில் நடுவர்கள் எங்களைப் பற்றி ஒன்று சொல்வார்கள்: மைன்ஸ் பசங்க நிறுத்துன்னா நிறுத்துவானுங்க. மற்றப் பள்ளிப் பையன்கள் நடுவர் சொன்ன பிறகும் இன்னொரு குத்து விடுவார்கள். நாங்கள் விட்டதே இல்லை. பிரின்சிபால் அதைக் காலை வழிபாட்டில் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். எங்கள் பள்ளிக்கு என்று இருந்த பெருமை அதுதான்.

அதே கேஜிஎஃபில், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் பள்ளி. அங்கே எல்லாம் இருந்தது. அந்தப் பள்ளியின் பையன்கள் ஒருமுறை எங்கள் ஹாலுக்கு நட்பு ஆட்டத்துக்கு வந்தார்கள். என் எடைப் பிரிவில் ஆடுகிறவனும் வந்திருந்தான். பேட்டைப் பையன் என்றே இங்கே சொல்கிறேன். நடுவில் மாஸ்டர் ஒரு மணி அடித்தார். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் சுவிட்ச் அணைத்ததுபோல் நின்று ஒரே பக்கம் திரும்பினோம். அவர்கள் சிரித்தார்கள்.

"இன்னா மச்சா, மணி அடிச்சா சோறு வந்துடுமா?" என்று கேட்டான் பேட்டைப் பையன்.

"வராது. தண்டால் வரும்," என்றேன். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். அவன் மோசமானவன் என்று அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

நான் அப்போது இரண்டாம் வருட பியுசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்பா இரண்டாம் வகுப்பு. அம்மா பள்ளிக்குப் போனதில்லை. கரண்ட் பில், ரேஷன் கார்டு, அப்பாவின் ஏஜென்சி கொடுக்கும் ஃபாரம் எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். பெங்களூரில் ஒரு கல்லூரி, மாநிலப் போட்டியில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தவர்களுக்கு மூன்று வருடக் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்தது. மூன்றாம் இடத்துக்கு எதுவும் இல்லை. எனவே நான் அரையிறுதியில் ஜெயித்தால் போதும். இறுதியில் தோற்றாலும் பரவாயில்லை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அம்மா அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டு, தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

போட்டிக்குக் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். பி.டி. மிஸ் பையிலிருந்து விதிமுறைத் தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உனக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வரும். படிச்சி எல்லாருக்கும் சொல்லு."

படித்தேன். நான்காவது பக்கத்தில் அது இருந்தது. ஆட்டம் முடியப் பதினைந்து நொடி இருக்கும்போது ஒரு மணி அடிப்பார்கள். முடியும்போது இரண்டு மணி. எங்கள் மாவட்டப் போட்டிகளில் யாராவது ஒருவர் போனைப் பார்த்து நேரம் சொல்வதுதான் வழக்கம், மணி கிடையாது. மாஸ்டருக்கும் இது புதிது.

"கவனமா கேளுங்க," என்றேன். "ஒண்ணுக்கு நிக்கக்கூடாது. நடுவர் சொன்னாதான் நிக்கணும்."

எங்கள் அணியில் குறைந்த எடைப் பிரிவுக்காரன் ஒருவன் இருந்தான். வாய் ஓயாது. "ஒண்ணுக்கு நிக்கக்கூடாதுன்னா, எங்க போறது மிஸ்?" என்றான். பெட்டியே சிரித்தது. மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாஸ்டர் அவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பங்காருபேட்டை வருவதற்குள் நான்கு பேரையும் இரண்டு முறை ஒப்பிக்க வைத்தேன்.

என் முதல் இரண்டு ஆட்டங்களும் சீக்கிரம் முடிந்துவிட்டன. எட்டுப் புள்ளி முன்னால் போய்விட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். மணி வரைக்கும் போகவில்லை. பக்கத்து விரிப்புகளில் மணி அடிப்பது கேட்டது. அது வேறு யாருக்கோ அடிப்பது.

அரையிறுதியில் எதிரே பேட்டைப் பையன். இருநூறு பேர் வந்த போட்டியில் கேஜிஎஃப் ஆட்கள் இரண்டு பேர் மோதுகிறோம். மேலே பார்வையாளர் வரிசையில் அவர்கள் பள்ளிப் பையன்கள் முப்பது பேர் இருந்தார்கள், பேருந்து வைத்து வந்தவர்கள். எங்கள் பக்கம் ஆறு பேர். எனக்குச் சிவப்புக் கையுறை, அவனுக்கு நீலம். வயிற்றில் ஓர் உதை, இரண்டு குத்து. எனக்கு நான்கு புள்ளி. அவனுக்கு இரண்டு. அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நான் தள்ளியே நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் தள்ளி நின்றால் போதும்.

மணி அடித்தது. ஒன்று.

என் கைகள் இறங்கின. முகம் மேசைப் பக்கம் திரும்பியது. நேரம் பார்க்கிற பெண் உட்கார்ந்திருந்தாள், கையில் பேனா, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். அதன் மூடி இல்லை என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. விதி எனக்குத் தெரியும். ரயிலில் நான்தான் படித்துச் சொன்னேன். அந்த நேரத்தில் அது எங்கேயும் இல்லை.

பிறகு விரிப்பில் என் கன்னம் இருந்தது. வலி இல்லை. மருத்துவர் வந்து வாயைத் திறக்கச் சொன்னார், எத்தனை விரல் என்று கேட்டார், சொன்னேன். ஒரு பல் ஆடியது. நடுவர்கள் கூடிப் பேசினார்கள். தலைக்கு வந்த உதைக்கு நீலத்துக்கு மூன்று புள்ளி. அவன் கட்டுப்பாட்டோடுதான் விட்டான். நான்தான் திரும்பி அதற்குள் போயிருந்தேன். தன்னைக் காத்துக்கொள்ளவில்லை என்று எச்சரிக்கை எனக்குத்தான். ஐந்துக்கு நான்கு.

இன்னும் பதினான்கு நொடி இருந்தது. இதைத்தான் நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. அடிபட்டதால் தோற்றான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பதினான்கு நொடி நீளமானது. அவ்வளவு நேரத்துக்குள் வேறு ஆட்டங்களில் நான் மூன்று முறை ஜெயித்திருக்கிறேன். அன்று தடுப்பு நிலையில் கைகளை வைத்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் "போ, போ" என்று கத்துவது கேட்டது. எங்கே என்று தோன்றியது. பிறகு இரண்டு மணி அடித்தது. எங்கள் ஹாலில் அது ஆரம்பிக்கச் சொல்லும் மணி.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது: "இன்னா மைன்ஸு, கேஜ் வந்துட்ச்சா?" முப்பது பேரும் சிரித்தார்கள். நான் குனிந்து வணங்கினேன். பேட்டைப் பையன் கை கொடுத்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும் ரயிலில் வாய் ஓயாதவன் என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். மிஸ் எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கித் தந்தார். மென்றால் இடது பக்கம் என்னுடையது போல இல்லை. பிரின்சிபாலுக்கு மிஸ்தான் போன் செய்தார். "வெண்கலம் சார்," என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமா சார், வெண்கலம்தான்."

அடுத்த நாள் காலை டியூட்டி முடிந்து அப்பா வந்தார். மாற்று ஆள் வராததால் முதல் நாள் அரங்கத்துக்கு வர முடியவில்லை என்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சி?"

"ஒரு மணி அடிச்சாங்க. நின்னுட்டேன்."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நிக்கத்தானே சொல்லிக் குடுத்தாங்க," என்றார். அம்மா உள்ளேயிருந்து, "அவன்தானே அந்தப் பேப்பரைப் படிச்சானாம்," என்றாள். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

அடுத்த வாரம் ஹாலுக்குப் போனேன். உத்தரத்தில் கயிறு மட்டும் இருந்தது. மாஸ்டர் கழுத்தில் ஒரு விசில். அதை எப்படி ஊதுவது என்று அவருக்கே இன்னும் பிடிபடவில்லை. சில முறை காற்றுதான் வந்தது. ஊதியபோது பையன்கள் நின்றார்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள்.

இப்போது அதே கல்லூரியில் பி.காம் கடைசி வருடம். காலை ரயிலில்தான் போகிறேன். பேட்டைப் பையனும் அதே ரயில். ஒரு கடையில் வேலை, தங்கப் பதக்கம் வாங்கியும் அவன் படிக்கப் போகவில்லை. ஒரு நாள் கூட்டத்தில் பக்கத்தில் நின்றவன் சொன்னான்:

"நான் தெரிஞ்சி அடிக்கல மச்சா. மணி அடிச்சா நீங்க நிப்பீங்கன்னு எனக்கு நெனப்பே வரல."

"தெரியும்டா," என்றேன். எனக்குத் தெரியாது. கேட்டும் எதுவும் தோன்றவில்லை. அவன் டீ வாங்கிக் கொடுத்தான். கீழுதட்டின் இடது பக்கத்தில் இன்னும் உணர்வு வரவில்லை. அன்று நரம்பில் பட்ட அடி, வந்தாலும் வரும் என்றார் மருத்துவர். டீ வழிந்தால் யாராவது சொன்னால்தான் தெரியும். அவன் சொல்லவில்லை, தன் கைக்குட்டையை நீட்டினான்.

கட்டணத்தை அப்பாவும் அம்மாவும் கட்டினார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வாசலில் நின்றார். அம்மா பங்காருபேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனாள். போன மாதம் கடைசித் தவணைக்கான ரசீதை நான்தான் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். பல்லுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. மொத்தம் ஒரு லட்சத்து முப்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.