மாமி எழுதிய ‘சரி’

எங்கள் மாமி, அப்பாவின் அக்கா, புத்தூரில் பிறந்தவர். அவர் சிவபதம் அடைந்த முப்பத்தோராம் நாளில் வெளியாகும் இந்த நினைவு மலருக்கு எழுதும்படி என்னைக் கேட்டார்கள். வீட்டில் வேறு ஒருவரும் அகப்படவில்லை போலும்.

போருக்குத் தப்பி நோர்வேயின் ஒஸ்லோவுக்கு வந்த மாமி, எல்லிங்ஸ்ருட் என்ற புறநகரில் தனியாக இருந்து உழைத்துத் தம்பிமாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டெடுத்தார். கிடைத்த வேலை, பழைய இராணுவத் துவக்குகள், அதாவது துப்பாக்கிகள், விற்கும் கடையைத் துப்புரவாக்குவது.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள் அக்கா, இப்ப அதுக்குத் தூசி தட்டுறியளோ?” என்று அப்பா கேட்பாராம்.

“இஞ்சை அது சத்தம் போடாமல் நிக்குதடா, உன்னை மாதிரி இல்லை.”

ஒருநாள் மாமி எட்டுத் துவக்குகளின் போல்ட்டுகளையும் கழற்றி, கோப்பை கழுவுவதுபோல் ஒரே தட்டில் குவித்துத் துடைத்துவிட்டார். போல்ட் என்பது குண்டை உள்ளே தள்ளும் இரும்புத் துண்டு. அதன் இலக்கமும் துவக்கின் இலக்கமும் ஒன்றாயிருந்தால்தான் பழைய துவக்குக்கு மதிப்பு. இந்தக் கதையை மாமி நடித்துக் காட்டும்போது நோர்வேக்கார முதலாளியும் புத்தூர்த் தமிழ்தான் கதைப்பார்.

“எல்லாத்தையும் கலந்து போட்டீர். நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்.”

“இண்டைக்கு இன்னும் நேரம் கிடக்குத்தானே?”

மாமி இலக்கம் பார்த்துப் பார்த்து ஏழு போல்ட்டுகளை அவற்றின் துவக்குகளோடு சேர்த்துவிட்டார். எட்டாவது போல்ட்டில் இலக்கமே தெரியவில்லை. முதலாளி மாமியிடம் இருந்த கடைச் சாவிக்குக் கையை நீட்டினார். மாமி கொடுக்கவில்லை. போல்ட்டில் இறுகிக் கிடந்த பழைய கிறீஸை நகத்தால் சுரண்டினார். இலக்கம் தெரிந்தது. மிஞ்சிய துவக்கிலும் அதே இலக்கம். அதன் பக்கத்தில் ஜெர்மன் ஆலையின் குறி, அதற்கு மேல் நோர்வே இராணுவத்தின் முத்திரை.

“இதுவும் என்னைப் போலத்தான். வேறை நாட்டிலை பிறந்து இஞ்சை முத்திரை வாங்கினது” என்றாராம் மாமி.

மறுநாள் மாமிக்குத் துடைப்பம் இல்லை. மேசையும் விளக்கும் கிடைத்தன. அதன்பிறகு, அவர் குறிகளைப் பார்த்து, ‘சரி’ என்று தமிழில் எழுதிய காகிதத் துண்டைக் கட்டாமல் ஒரு துவக்கும் அந்தக் கடையை விட்டுப் போனதில்லை. வாங்க வந்த வெள்ளைக்காரர்கள் அந்தத் துண்டைத் தேடிப் பார்த்தே வாங்கினார்கள்.

கடைசி நாட்களில், வைத்தியசாலையில் கையில் கட்டிய பட்டியின் இலக்கத்தைக் கட்டிலில் தொங்கிய தாளோடு ஒப்பிட்டுவிட்டு, “நான்தான். சரி” என்றார்.

மாமியைக் கவனித்த தாதியருக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும், கிரியைகளில் உடன்நின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி. முதலாளிக்குத் தனி நன்றி. சென்ற கிழமை, துண்டு எழுத என்னைக் கூப்பிட்டார். நானும் அழகாக ஒரு ‘சரி’ எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, அதை மாமியின் பழைய துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது அவ எழுதினது இல்லை” என்று திருப்பித் தந்துவிட்டார், ஒரு தமிழ் எழுத்தும் தெரியாத அந்த மனிதர்.