தீர்மான டீ

என் தம்பிக்கு, அவன் அறங்காவலராக இருந்த பள்ளிக்கூடத்தில் 'ஆட்சேபணை' என்று பெயர். தொழிலில் பல் டாக்டர். மற்றவர்கள் வாய்க்குள் விளக்கடித்துச் சொத்தையைத் தேடுகிறவன், அறங்காவலர் குழுவிலும் அதையே செய்தான். அவன் செருமினாலே தலைவர் பெருமூச்சு விடுவார்: "சொல்லுங்க ஆட்சேபணை."

அந்தக் குழுவில் வாக்கெடுப்பு என்ற பேச்சே கிடையாது. தலைவர் விஷயத்தைச் சொல்வார், டீ வரும். எல்லோரும் குடித்தால் தீர்மானம் நிறைவேறியதாக அர்த்தம். பிஸ்கட்டை வாயில் அடைத்துக்கொண்டு யார் எதிர்த்துப் பேசுவது? இது புரிந்த நாளிலிருந்து தம்பி டீயைத் தொடவில்லை. ஆடை படிந்த டம்ளரோடு கடைசிவரை உட்கார்ந்திருப்பான்.

அவனுக்குக் கண் அறுவை சிகிச்சை ஆன பிறகு நான்தான் காரோட்டி. கூட்ட அறைத் தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் காத்திருந்தால் எல்லாம் காதில் விழும். கழிப்பறைக் கூரை ஒழுகுவதை ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். மேடைத் திரை நீலமா மெரூனா என்பதற்குப் பாதி மாலை போய்விடும். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

இந்த வருஷம் அதைவிட மோசம். ஆண்டு விழா நாடகத்தில் தலைவரின் பேத்திக்கு மரம் வேஷம். ராணி வேஷம் கொடுக்காத தலைமையாசிரியையை வேலையை விட்டே அனுப்ப வேண்டுமாம்.

"கிளைய விரிச்சுக்கிட்டு நிக்குது குழந்தை. ஒரு வசனம்கூடக் கிடையாது!" என்றார் தலைவர்.

"மரம் பேசாது சார்," என்றான் தம்பி. "யாருக்கு என்ன வேஷம்னு பாக்கிறது நம்ம வேலையா? நல்ல தலைமையாசிரியையப் போடணும், பள்ளிக்கூடம் எப்படி நடக்குதுன்னு கேள்வி கேக்கணும். அதோட நம்ம வேலை சரி. அப்புறம், இது உங்க பேத்தி விஷயம். பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க வெளிய இருக்கணும்."

"என் பள்ளிக்கூடத்துல என்னையே வெளிய நிக்கச் சொல்றீங்களா?"

"உங்களுது இல்ல சார். என்னுதும் இல்ல. அதனாலதான் காவலுக்கு நம்மளைப் போட்டிருக்காங்க."

டீ வந்தது. தம்பி தொடவில்லை. குழுவில் இருந்த துணிக்கடைக்காரர், என்ன நினைத்தாரோ, கையில் எடுத்த டம்ளரை வைத்துவிட்டார். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

"அக்கா, தொண்டை வறண்டு போச்சு. சீக்கிரம் வீட்டுக்கு விடு," என்றான் காரில்.

அடுத்த கூட்டத்துக்கு அவன் இல்லை. மாரடைப்பு.

துக்கம் கேட்கக் குழு மொத்தமும் வீட்டுக்கு வந்தது. டீ கொடுத்தேன். தலைவர் டம்ளரை உருட்டியபடி ஆரம்பித்தார்.

"பெரிய இழப்பும்மா. அவர் இடத்துக்கு என் மாப்பிள்ளையப் போட்டுடலாம்னு இருக்கோம். அந்த டீச்சரம்மா விஷயத்தையும் அப்படியே முடிச்சுடலாம். எல்லாருக்கும் சம்மதம்தானே?"

தம்பியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு! எனக்கு அழுகைகூட நின்றுவிட்டது. எழுந்து போய் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"இது துக்க வீட்டு டீ சார். தீர்மான டீ இல்ல."

துணிக்கடைக்காரர் தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எதுவானாலும் கூட்டத்துல பேசிக்கலாம் தலைவரே. நீங்க வெளிய உக்காந்திருக்கும்போது."

பக்கத்திலிருந்தவரும் வைத்தார். அப்புறம் இன்னொருவர்.

அந்த அம்மாதான் இன்னும் தலைமையாசிரியை. நாடகமும் நடந்தது. பேத்தி மரமாகத்தான் நின்றாள். அசையாமல், அருமையாக நின்றாளாம்.