பூனாகலையில் பெண் பார்த்த கதை

பதுளையில் இன்றைக்கு ஏதாவது கூட்டம் என்றால் ஜெயரூபனைப் பேசக் கூப்பிடுகிறார்கள். ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் மனுசர்தான் என்று தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசுவான். எழுதுவதும் அதைத்தான். இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "எனக்கு ஏதுங்க தைரியம்? ரெண்டு பொம்பளைங்க குடுத்தது" என்று நெளிவான். அடக்கத்துக்குச் சொல்கிறான் என்று நினைப்பார்கள். இல்லை, அது அப்பட்டமான உண்மை.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீடு ஒன்றில், பிறந்தவன் அவன். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அம்மா கருப்பம்மா கொழுந்து பறித்துத்தான் அவனையும் தங்கை சிவசக்தியையும் ஆளாக்கினாள். உயர்தரப் பரீட்சை முடித்ததும் பதுளை பஸாரில் ஒரு புத்தகக் கடையில் வேலை கிடைத்தது. தூசி தட்டுகிற சாக்கில் பாதிக் கடையைப் படித்து முடித்தான். கூட வேலை செய்த ஜீவனிடம் மனதைப் பறிகொடுத்ததும் அங்கேதான். அதை ஜீவனிடமே சொல்லவில்லை, மற்றவர்களிடம் எங்கே சொல்வது?

பையனுக்கு மீசையும் முளைத்து மாதச் சம்பளமும் வந்துவிட்டால் தோட்டம் சும்மா இருக்குமா? பூனாகலையில் நல்ல பெண் இருக்கிறது என்று தலைவர் வீரய்யா வாசலில் வந்து நின்றார். நல்லதோ கெட்டதோ, தொழிற்சங்கத் தலைவர் முன்னால் நிற்காமல் தோட்டத்தில் ஒன்றும் நடக்காது. பிறகு பார்க்கலாம் என்று ஜெயரூபன் இழுத்தடித்துப் பார்த்தான். கருப்பம்மா அழுதாள். அம்மா அழுதால் அவன் என்ன செய்வான்? வெற்றிலை பாக்குத் தட்டோடு வேன் பிடித்துப் போனார்கள்.

பெண்ணின் பெயர் துஷாந்தினி. அந்தத் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். எல்லோரும் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி குடித்து முடித்ததும், பிள்ளைகள் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் பெரிய மனது பண்ணி லயத்துக்குப் பின்னால் இருந்த பீலிக்கரைக்கு அனுப்பினார்கள். மலையிலிருந்து விழுகிற தண்ணீர்ச் சத்தத்தில் அங்கே பேசுவது யார் காதிலும் விழாது.

"மொகமே சரியில்லையே. நீங்க வேற யாரையாச்சும் விரும்புறீங்களா?" என்று அவள் நேராகவே கேட்டாள்.

"ஆமாங்க."

"யாரு?"

பொய்யாக ஒரு பெண் பெயரைச் சொல்லியிருக்கலாம். பாவி, வாயில் வந்ததோ உண்மைதான். "ஜீவன்" என்றான்.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள் துஷாந்தினி.

யாருடைய காதலைப் பற்றியும் யாரும் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். சிரிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. ஜெயரூபனுக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லையென்று தலையை ஆட்டினான்.

"சரி. நீங்க வாயே தொறக்காதீங்க. நான் பாத்துக்கிறேன்."

உள்ளே போனவள், எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று பெரியவர்கள் முன்னால் போட்டு உடைத்தாள். கொண்டுபோன தட்டு அப்படியே வேனில் திரும்பி வந்தது.

தட்டு திரும்பினால் ஆண்பிள்ளைக்கு ஒரு மயிரும் உதிராது, பெண்ணின் பெயர்தான் கெடும். டீச்சருக்கு ராங்கி என்றார்கள். எவனோடோ தொடுப்பு இருக்கிறது என்றார்கள். மொனராகலையிலிருந்து அவளுக்கு வந்த இன்னொரு சம்பந்தமும் இந்தப் பேச்சிலேயே தட்டிப்போனது. எல்லோரையும்விட அதிகமாகத் திட்டித் தீர்த்தவள் கருப்பம்மாதான். ஜெயரூபனுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அம்மாவை இழக்கலாம். சொல்லாவிட்டால் ஒரு நல்ல பெண் அவனுக்காகக் காலமெல்லாம் ஏச்சு வாங்குவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தங்கையும் அங்கேதான் இருந்தாள்.

"அம்மா, அந்தப் புள்ளைய ஏசாதீங்க. என்னையக் காப்பாத்தத்தான் அது அப்பிடிச் சொல்லுச்சு. எனக்குப் பொம்பளைங்க மேல ஆசை வராதும்மா. ஆம்பளைங்க மேலதான் வருது. சின்னதுலேர்ந்தே இப்பிடித்தான். நாளைக்கு வேலை விட்டு வந்ததும் தலைவர்கிட்ட நானே போய் இதச் சொல்லப்போறேன்."

ரொட்டி கருகியது. கருப்பம்மா அதைத் திருப்பிப் போடவில்லை. திட்டவும் இல்லை, அழவும் இல்லை. மறுநாள் விடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். இனி இந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்றே ஜெயரூபன் நினைத்தான். உடுப்புகளைப் பையில் திணித்துக்கொண்டு கடைக்குப் போனான்.

மத்தியானம் சிவசக்தியிடமிருந்து ஃபோன் வந்தது. அவளும் அம்மாவோடு அதே மலையில்தான் கொழுந்து பறிக்கிறாள்.

"அண்ணே, கொழுந்து நிறுக்குற எடத்துல எல்லாரும் கூடியிருந்தாங்க. தலைவரும் வந்திருந்தாரு. பொம்பளைங்க மறுபடி பூனாகலை டீச்சரு கதைய எடுத்தாங்க. அம்மா கூடைய டப்புனு கீழ வச்சிருச்சு."

"என்ன சொன்னாங்க?"

"'அந்தப் புள்ள மேல குத்தமில்ல. எம் மவனுக்குத்தான் பொம்பளை ஒத்துவராது. அவன் மனசு ஆம்பளைங்க பக்கம். அப்பிடியே பொறந்துட்டான், அப்பிடியே இருந்துட்டுப் போறான். யாருக்காச்சும் பேசணும்னா பெத்தவ என்னையப் பேசுங்க'ன்னுச்சு. தலைவரு கூட வாயத் தொறக்கல அண்ணே. நீ சொல்லப்போறேன்னியே, அத அம்மாவே சொல்லிருச்சு."

ஊருக்கே தெரிந்துவிட்டதே என்ற பயம் அவனுக்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நன்றி. ஜீவன் பார்த்துக்கொண்டு நிற்க, கடைத் தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

"அழாத அண்ணே" என்றாள் தங்கை. "அம்மா பக்கத்துலதான் நிக்குது. ராவைக்கு வீட்டுக்கு வருவியான்னு கேக்கச் சொல்லுது."