அப்பாவின் உயரத்துக்கு இருந்த சீட்டு

“ஏளா, துட்டி வீட்டுப் பிள்ளை சைக்கிள் மிதிச்சா செத்தவன் எந்திச்சு வந்துருவானா?” என்று கேட்டாள் அத்தை. அப்பாவின் அக்கா, தெருவுக்கே கேட்கும் குரல்.

அப்பா இறந்த துட்டி வீடு எங்களுடையது. அவர் வரமாட்டார் என்று எனக்கும் தெரியும். கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் வேலை பார்த்தவர், கரையில் காய்ச்சலில் படுத்து இறந்துபோனார். ஊரில் இருக்கும் நாட்களில் என்னைக் கேரியரில் உட்காரவைத்துக் கல்லூரியில் விடுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை என்னைவிட அவர்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

சைக்கிள் சீட்டு அவர் உயரத்துக்கு இருந்தது. அதை இறக்க மனம் வரவில்லை. இயற்பியல் படிக்கிற நான், தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பிக்கு அடியில் கால் விட்டுக் குரங்குப் பெடல் அடித்தேன்.

“காலேஜு வருதுலே, வழி விடு!” என்று உப்பு மூட்டை ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள்.

துறைமுகச் சாலையில்தான் அதைக் கவனித்தேன். போகும்போது மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று முதுகில் தள்ளும். கால்களுக்கு வேலை இல்லாததால் அழுகை வரும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும், அழ இடமிருக்காது. அப்போது துக்கம் எங்கே போகிறது? கிழக்கிலிருந்து கொண்டல் வீசிய நாளில் சோதித்துப் பார்த்தேன். எல்லாம் தலைகீழ். போகையில் அவருடைய தோணி நின்ற இடத்தைக் கடக்கும்போதுகூட அழவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அப்பா இறந்த முதல் வருசப் பூசை முடியும்வரை அவள் வாசல் தாண்டக்கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். சுவரைப் பார்த்தே படுத்திருப்பாள். பூசைக்குப் பிறகும் எழாமல் போய்விடுவாளோ என்பதுதான் என் பயம்.

“இன்னைக்கு என்ன காத்து?” என்றாள். அப்பா இருந்தவரை தினமும் கேட்ட கேள்வி. அதன்பின் நான் வீடு திரும்பும்போதெல்லாம் கேட்டாள்.

பூசை முடிந்த சாயங்காலம், “அந்தக் காத்தடிக்கிற ரோட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியா?” என்றாள்.

“குரங்குப் பெடல்ல ரெண்டு பேரு எப்படிம்மா போக?”

“அப்போ சீட்டை எறக்கு. உன் காலு குட்டைன்னு அவருக்குத் தெரியாதாக்கும்?”

“ரெண்டும் பைத்தியமாயிட்டு!” என்றாள் அத்தை.

சைக்கிள் கடை அண்ணாச்சி சீட்டை இறக்கித் தந்தார். பின்சக்கரத்தில் அம்மாவின் சேலை சிக்காமலிருக்க வலைக்கம்பியும் கேட்டேன். மாட்டியாயிற்று.