நசுங்காத எலுமிச்சம்பழம்

2023 ஜூன் 14, புதன், காலை 9.20, கடும் வெயில், காற்றே இல்லை. என் பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சினோடு சுழலும் எட்டுக் கிலோ இரும்புச் சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு, நாலு கிலோவில் ஒன்றை மாட்டிக் கொண்டுவந்தார் வில்லியனூர் மெக்கானிக். பதினோரு வருடமாக அதில் ஏறாத என் மனைவி, இனி துள்ளாமல் ஓடும் என்ற என் பேச்சை நம்பி ஏறி உட்கார்ந்தாள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். கிளட்சை விட்டேன், பழத்தின்மேல் ஏறாமலே எஞ்சின் அணைந்தது. மூன்று முறை.

“ஃப்ளைவீலு லேசாயிடுச்சு சார், நல்லா ரேஸ் குடுத்து எடுக்கணும்” என்றார் மெக்கானிக்.

“இன்னாங்க இது, பழமே நசுங்கல! நான் வர்ல” என்று அவள் இறங்கிவிட்டாள்.

நான்காம் முறை கார் பாய்ந்தது. பக்கத்துச் சீட்டு காலி. இனி ஏறமாட்டாள். பழைய ஃப்ளைவீலை இரும்புக் கடையில் போட்டாகிவிட்டதாம். எலுமிச்சம்பழம் உட்பட ஆன செலவு 38,640 ரூபாய்.