ஒடெத் சொன்ன பேர்கள்

யோவில் சந்தையில் குவாங்கா எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒடெத் கடையைக் காட்டுவார்கள். மரவள்ளிக்கிழங்கை நாலு நாள் ஊறப்போட்டு, இடித்து, இலையில் இறுக்கச் சுருட்டி அவித்தெடுக்கிற அந்தக் கட்டி இல்லாமல் எங்கள் காங்கோ ஆட்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஜோஹானஸ்பர்க்குக்கு வந்து இருபது வருஷம் ஆனாலும் இறங்காது.

ஒடெத் மத்தாடி ஊர்க்காரி. ஐம்பது தாண்டிய வாட்டசாட்டமான பொம்பளை, வாய் உடம்பைவிடப் பெரிசு. இலையைப் பிரித்து மோந்து பார்க்கிறவனிடம், "மூக்கு பட்டா உன்னுது. எடுத்துட்டுப் போ" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்குவான்.

அவளை வைத்துப் படம் எடுக்க வந்தவள் பேர் ருவிம்போ. சிம்பாப்வேயில் பிறந்து இங்கே வளர்ந்த பெண், நல்ல பெண்தான். வேற்று நாட்டிலிருந்து வந்து இந்த ஊரில் சொந்தத் தொழில் செய்து நின்றவர்களை ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷப் படமாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு எத்தியோப்பியத் துணிக்கடைக்காரர், ஒரு செனகல் தையல்காரர், மூன்றாவதாக நம்ம ஒடெத். கடைக்குள்ளேயே கேமராவை நிறுத்தி, "உங்க பாஷையிலேயே பேசுங்கம்மா, நான் அப்புறம் மொழிபெயர்த்துக்கறேன். ஆரம்பத்துல உங்களுக்கு யாரெல்லாம் துணையா இருந்தாங்க?" என்று கேட்டாள்.

எங்கள் ஆட்களிடம் இதைக் கேட்கலாமா? எங்கள் பாட்டுக்காரர்கள் பாட்டுக்கு நடுவிலேயே, வேண்டியவர், உதவியவர், பிள்ளைக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவர் என்று பேர் பேராகக் கூவுவார்கள். அதற்கு லிபாங்கா என்று பேர். பாட்டில் தன் பேர் வந்தவன் பத்து நாள் நெஞ்சை நிமிர்த்தித் திரிவான், வராதவன் பாட்டுக்காரன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான். ஒடெத்துக்கு அன்றைக்கு வாய்த்தது அப்படியொரு மேடை. உட்கார்ந்த வாக்கில் ஆரம்பித்தாள். எல்லை தாண்டும்போது பக்கத்தில் இருந்தவர், அகதிக் காகிதம் எழுதிக் கொடுத்தவர், முதல் குவாங்காவை வாங்கித் தின்றவர், பாதிரியார், பாதிரியார் பெண்டாட்டி. மயாம்பாவை மட்டும் மனசுக்குள் கடைசிக்கு எடுத்து வைத்திருந்தாள். பெரிய பேரைக் கடைசியில் சொன்னால்தான் எடுப்பாக இருக்கும் என்பது அவள் கணக்கு.

மயாம்பா யார் என்று சொல்லாமல் இந்தக் கதையே இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒடெத்தும் அவளும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். குளியல் தொட்டியில் கிழங்கை ஊறப்போட்டதும் இரண்டு பேரும் சேர்ந்துதான். நாலாம் நாள் அந்தத் தொட்டி நாறுகிற நாற்றம் சொல்லி மாளாது. மாடி வீட்டுக்காரர்கள் புகார் சொல்லி, கட்டட மேனேஜர் வந்து கதவைத் தட்டினான். ஒடெத் கையில் மூன்று மாசக் குழந்தை. மயாம்பா முன்னால் போய் நின்று, "எல்லாம் என் வேலை. இவளுக்கு இந்த நாத்தமே ஆகாது, தினம் சண்டை போடுறா" என்றாள். அன்றைக்கே அவளை வெளியே தள்ளினார்கள். இந்த ஊரில் ஜூலைதான் கடுங்குளிர்; அந்தக் குளிரில் ஆறு வாரம் சர்ச்சின் பின்கட்டில் பாய் விரித்துப் படுத்தாள். அறை ஒடெத்துக்கு மிஞ்சியது, தொழிலும் மிஞ்சியது. மயாம்பா நடைபாதையில் தலை பின்னிவிடப் போய், அதிலேயே காலத்தை ஓட்டிவிட்டாள். ஒரு நாள் ஒரு பொழுது அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் மண்டபத்தில் போட்டார்கள். "உன் பேரைச் சொல்லியிருக்கேன்டி, முன்னாடி வந்து உட்காரு" என்று ஒடெத்தே போன் போட்டுக் கூப்பிட்டிருந்தாள். தான் குடியிருக்கிற ரோசெட்டன்வில்லிலிருந்து இரண்டு வண்டி மாறி, புதுத் துணி கட்டி, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள் மயாம்பா. திரையில் ஒடெத் பேர்களைச் சொல்லத் தொடங்கியதும் மண்டபத்தில் கைதட்டல். ஐந்து பேர், ஆறு பேர், ஏழு பேர். அதோடு படம் வெட்டி, அடுப்புப் புகைக்கு நடுவே ஒடெத் நிற்கிற காட்சிக்குத் தாவிவிட்டது. கீழே எழுத்து ஓடியது: "இந்தக் கடையை நான் தனியாளாக நிமிர்த்தினேன்."

சாப்பாட்டுக்கு மயாம்பா நிற்கவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் போன் போட்டால் எடுப்பாள், இரண்டு வார்த்தை பேசுவாள், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிடுவாள்.

மூன்று மாசம் இப்படியே போனதும், பொறுக்க முடியாமல் ஒடெத் ருவிம்போவையே கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். "கடைசிப் பேரை வெட்ட உனக்கு எப்படி மனசு வந்துச்சு? அந்தப் பேருக்காகத்தானே மத்த பேரையெல்லாம் சொன்னேன்."

"பன்னிரண்டு நிமிஷத்துல எல்லாப் பேரையும் வைக்க முடியலைம்மா. எது முக்கியமான பேருன்னு எனக்குத் தெரியலை, மன்னிச்சிடுங்க" என்றாள் அந்தப் பெண். அழுதும்விட்டாள். மறுநாளே, வெட்டாத முழுப் பேச்சையும் ஒடெத்தின் போனுக்கு அனுப்பி வைத்தாள்.

ஒடெத் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தான் சொன்னது தனக்குத் தெரியாதா? சனிக்கிழமை கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, இரண்டு வண்டி மாறி ரோசெட்டன்வில்லுக்குப் போனாள்.

மயாம்பா முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டியில் துணி சுற்றியிருந்தது.

"வாடி சினிமாக்காரி. வழி தெரிஞ்சுதா?"

"நீ பேசாதே. இதைப் பாரு முதல்ல. அந்தப் பொண்ணு வெட்டினது அத்தனையும் இதுல இருக்கு."

இரண்டு தலையும் போன்மேல் கவிழ்ந்தன. எட்டாவது பேர், ஒன்பதாவது பேர். காகிதக்காரர் பேர் வந்ததும் மயாம்பா, "அந்தத் திருடனை எதுக்குடி சொன்னே" என்று சிரித்தாள். மூன்று மாசத்துக்கு அப்புறம் அவள் சிரித்ததில் ஒடெத்துக்கு வயிறு குளிர்ந்தது. இருபது, இருபத்தொன்று. பாதிரியார் பெண்டாட்டி. படத்தில் ஒடெத் மூச்சை இழுத்து, முகமெல்லாம் மலர நிமிர்ந்தாள்.

"இப்பதான், இப்பதான்" என்று மயாம்பாவின் தொடையைத் தட்டினாள் ஒடெத்.

"அக்கா, ஆறு குவாங்கா குடு" என்று யாரோ ஒருவன் குரல் கேட்டது.

படத்தில் ஒடெத் எழுந்து போனாள். அவனோடு வம்பளப்பது கேட்டது. மூக்கு பட்டா உன்னுது என்றாள், அவன் என்னவோ சொன்னான், இரண்டு பேரும் சிரித்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தாள். "எங்கே விட்டேன்? ஆங், அவ்வளவுதாம்மா. எல்லாரையும் சொல்லிட்டேன், ஒருத்தரையும் விடலை" என்றாள். பிறகு இலை கிடைக்கிற கஷ்டத்தைப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஒடெத் பின்னால் தள்ளிப் பார்த்தாள், முன்னால் தள்ளிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை. மூன்று மாசமாக ஊராரிடமெல்லாம் அந்தப் பெண்ணைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள்.

"நெஞ்சுக்குள்ள சொன்னேன்டி" என்றாள் ஒடெத். "சத்தியமா வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பாழாப் போறவன் வராம இருந்திருந்தா..."

"வந்திருக்கும்."

"இப்பவே அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன். உன் பேரை மட்டும் வச்சு ஒரு படம் எடுக்கச் சொல்றேன்."

மயாம்பா போனை வாங்கி அணைத்து, ஒடெத்தின் மடியில் வைத்தாள். கோபமாக இருந்தாலாவது ஒடெத் தாங்கியிருப்பாள்.

"எனக்கு நிஜமாவே கால் வலிதான்டி" என்றாள் மயாம்பா. "நீ சொல்லியிருப்பே, அந்தப் பொண்ணுதான் வெட்டிட்டான்னு நினைச்சுட்டு நான் பாட்டுக்கு இருந்தேன். எதுக்குடி இதைக் கொண்டுவந்து காட்டினே?"